துடைத்தாலும் போகாத எண்

1

"அத்தை, உங்க லேப்டாப் என்னைத் திருடின்னு சொல்லுது."

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனை எடுத்தால் இப்படி ஒரு குரல். மாரண்டஹள்ளியிலிருந்து என் தம்பி முருகேசனின் மகள் பவித்ரா. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசிப் பழகிய நிதானமான குரலில் அதைச் சொன்னாள் பாருங்கள், அதில்தான் நான் அடுப்பை மறந்தேன்.

பவித்ரா நர்ஸ். தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே, டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஜெர்மன் படித்தவள். நான் இருக்கும் இந்த ஜெர்மனிக்கு நர்ஸுகளை அழைத்து வரும் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. மிச்சமிருந்தது மொழித் தேர்வு ஒன்றுதான். அதை வீட்டிலிருந்தே கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதலாம். மாதக் கடைசிக்குள் எழுதி முடித்தால் இந்தத் தடவை கிளம்புகிறவர்களோடு அவளும் கிளம்பலாம். தவறினால் அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பெண் இருக்கிறாளே, வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தான் தேர்வுக்கே உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, லேப்டாப்பைத் திறந்து, தேர்வு நடத்தும் கம்பெனியின் மென்பொருளுக்குள் நுழைந்திருக்கிறாள். கேள்வி வரவில்லை. இந்தக் கருவியில் ஏற்கெனவே தேர்வு முறைகேடு நடந்திருக்கிறது, எனவே உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. அவளோ அதற்கு முன் ஒரு தடவைகூட அந்தத் தேர்வை எழுதியதில்லை. அன்று சாயங்காலமே பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேறு மெஷினில் முயன்று பார்த்தாள். அதற்குள் அவள் பெயரும் கெட்டுப்போயிருந்தது. எங்கள் லேப்டாப்பைத் தொட்ட பாவத்துக்கு எந்த மெஷினும் அவளை உள்ளே விடவில்லை.

இட்லி அன்று கல்லாகிவிட்டது.

2

நான் லைப்சிக் நகரத்துக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஊரை நினைத்து ஏங்குகிற ரகம் இல்லை நான். ஏங்குகிறவர்கள் எழுதட்டும், நானும் படிக்கிறேன். மாரண்டஹள்ளியை விட்டுச் சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் கூடப் படித்த ஒருத்தனிடம் பேனா வாங்கினால், நான் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் அந்தச் செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், டிராமில் ஒரு ஆள்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. யார் வீட்டுப் பெண் என்று கேட்க யாருமில்லை. அப்பாடா என்று ஜன்னலோரம் சாய்ந்துகொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

இந்தச் சுகத்தை என் மகள் இனியா வேறு ஒரு எல்லைக்குக் கொண்டுபோய்விட்டாள். பதினேழு வயது. லேப்டாப் கேமராவின் மேல் ஸ்டிக்கர். போனில் இருக்குமிடம் காட்டும் வசதி அணைத்தே இருக்கும். தன் போட்டோவைத் தாய்மாமனுக்கு அனுப்புவதற்கு முன்னால் நான் அவளிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். பெற்றவள் நான், வாங்குகிறேன். அவளுக்குச் சாப்பாடு தமிழில், கோபம் ஜெர்மனில். நீங்க, வாங்க எல்லாம் அவள் நாக்கில் தங்கவே மாட்டேன் என்கிறது. முருகேசனை "மாமா, நீ எப்ப வருவ?" என்றுதான் கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே, "தாவல, உடுக்கா" என்று விட்டுவிடுவான். எங்கள் பக்கத்தில் 'பரவாயில்லை' என்பதற்கு அதுதான் சொல்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது, நான் பல வருடம் புழங்கிய லேப்டாப்பைத் தம்பி வீட்டுக்கு எடுத்துப் போனேன். கொடுப்பதற்கு முன்னால் இனியா அதைக் கழற்றி, பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து, புதிதாக ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றித் தந்தாள். என் போட்டோ, என் பாஸ்வேர்டு, என் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள், ஒன்றும் இருக்காது என்றாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி அது பளபளவென்று இருந்தது.

அதே இனியா, அந்த ஞாயிற்றுக்கிழமை ஈரத்தலையோடு வந்து என் பக்கத்தில் நின்று, ஸ்பீக்கரில் பவித்ரா சொன்னதை முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"டிஸ்க்கைத்தான் மாத்தினோம்மா. போர்டை மாத்தலையே."

3

அவள் எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பெரிய போர்டுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு தனி எண் போட்டுவிடுகிறார்கள். உலகத்தில் இன்னொரு போர்டுக்கு அந்த எண் கிடையாது. அதோடு, பாதுகாப்புக்கென்று ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்குள்ளும் பிறக்கும்போதே எரித்து வைத்த ஒரு ரகசிய எண். இணையத்தோடு பேசும் பாகத்துக்கு இன்னொன்று. நாம் எழுதியதை நாம் அழிக்கலாம். இவையெல்லாம் நாம் எழுதியவை அல்ல. தேர்வு மென்பொருள் உன் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே, சத்தமில்லாமல் இந்த எண்களைப் படித்துக்கொள்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்ப்பதே போர்டு செய்கிற இடத்தில்தான். கார்களுக்குள் போகும் சர்க்யூட் போர்டுகள். வரிசையில் வருகிற ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, ஒரு பக்கம் பழுதில்லாதது, ஒரு பக்கம் பழுது என்று பிரிப்பது என் வேலை. எனக்கு முன்னால் இருக்கும் லேசர், பச்சைப் பலகையின் ஓரத்தில் ஒரு எள் அளவுக்குப் புள்ளிக் கட்டம் ஒன்றைப் பொறிக்கும். அதுதான் அதன் எண். தினமும் என் கண்ணெதிரே நடப்பதுதான். ஒருநாளும் நான் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. லேபிள்தானே என்று இருந்துவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை பார்த்தேன். லேசர் ஒரு இமைப்பொழுது மினுங்கியது. அவ்வளவுதான், ஒரு புதுப் பொருள் தன் வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகும் எண் விழுந்துவிட்டது. அடுத்ததற்கு வேறு. அதற்கடுத்ததற்கு வேறு. ஒன்று போல் ஒன்று இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றால் நம்ப வேண்டும். சிப்புக்குள்ளே எரிக்கும் எண்ணையோ எந்தக் கண்ணாடி வைத்தும் பார்க்க முடியாதாம். எதற்கு இவ்வளவு என்று எங்கள் லைன் பொறுப்பாளரிடம் கேட்டேன். எங்கோ ஒரு காரில் பிரேக் போர்டு கெட்டுப்போனால், அது எந்த நாள், எந்த வரிசையில், சின்னப் பாகங்கள் சுற்றி வரும் எந்தச் சுருளிலிருந்து வந்த பாகம் என்று கண்டுபிடித்து, அதோடு பிறந்த மற்றவற்றையும் திரும்ப அழைக்கலாம் என்றார். உயிர் காக்கிற எண். மறுக்க முடியுமா?

என் அப்பா லாரி ஓட்டியவர். பழைய லாரி கைமாறும்போது, அடிச்சட்டத்தில் குத்திய சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுப்பார்கள்; அந்தத் தாளை நான் பிடித்துக்கொடுத்திருக்கிறேன். தொப்பூர் இறக்கத்தில் ஒரு தடவை ஒரு லாரி கவிழ்ந்து எரிந்துவிட்டது. நம்பர் பிளேட் உருகி, கேபின் கருகி, யார் வண்டி என்றே தெரியவில்லை. அப்பாவும் இன்னும் சிலரும் கரியைச் சுரண்டி, சட்டத்தில் இருந்த எண்ணைக் கண்டுபிடித்தார்கள். அதை வைத்துத்தான் அந்த டிரைவரின் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப முடிந்தது. அன்று அப்பா வீட்டுக்கு வந்து கரி படிந்த கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தீயிலும் போகாத எண் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

ஆனால் லாரியின் எண் லாரியைத்தான் சொல்லும். உள்ளே உட்கார்ந்து போனவர்களை எல்லாம் ஒரே ஆளாக்காது. லேப்டாப்பில் அப்படி இல்லை என்றாள் இனியா. நான் ஜெர்மனியில் வைத்துத் தேடிய வியாதி, முருகேசன் பார்க்கிற தக்காளி விலை, பவித்ராவின் தேர்வு, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் அந்த ஒரு எண்ணில் கோத்துவிடலாம். கோக்கிறவர்கள் கோக்கிறார்கள். நாம் கையெழுத்துப் போட்டதாக ஞாபகமே இருக்காது. அவள் அதைச் சொன்னபோது என்னை அறியாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன், யாரோ பின்னால் நிற்பது போல.

4

தேர்வுக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண்மணி வந்தார். தேன் தடவின குரல். நீங்கள் தேர்வரா? இல்லை, அத்தை. அப்படியானால் பேச இயலாது. பவித்ரா அங்கிருந்து சம்மதம் அனுப்பி, அது வந்து சேர்ந்து, அவர்கள் அதைப் படித்து, நான் மறுபடி பாட்டுக் கேட்டு, மறுபடி அதே தேன்குரல்.

அந்த லேப்டாப்பில் முறைகேடு செய்தது யார் என்று கேட்டேன். அது இன்னொருவரின் தனிப்பட்ட தகவல், சட்டப்படி சொல்ல முடியாது என்றார். என் பக்கத்தில் இருந்த இனியா, அவர் சொல்வது சரிதான் என்று தலையாட்டுகிறாள். கரண்டியால் ஒன்று போடலாமா என்று வந்தது. சரி, லேப்டாப் என்னுடையது, பில் என் பெயரில் இருக்கிறது, என் லேப்டாப்பைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றாவது சொல்லுங்கள் என்றேன். கருவி என்பது நபர் அல்ல, கருவிக்குத் தகவல் கேட்கும் உரிமை கிடையாது என்றார். அதாவது, தண்டிக்கும்போது அது கருவியின் பதிவு. நாம் கேள்வி கேட்டால் அது இன்னொருவரின் அந்தரங்கம். எந்தக் கதவைத் தட்டினாலும் மறு கதவைக் காட்டினார், அதையும் எவ்வளவு மரியாதையாக.

ஒரே வழிதான் சொன்னார். சம்பந்தப்பட்ட நபரே முன்வந்து, தன் பதிவைத் திறந்து பார்க்கச் சம்மதம் கொடுத்து எழுதினால், மறுபரிசீலனை செய்வார்கள். அந்த நபர் யாரென்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இனியா அன்று சாப்பிடவில்லை. அவள் இத்தனை நாள் என்னோடு சண்டை போட்டது இந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்காகத்தான். அதே சட்டம் பவித்ராவின் வழியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

5

முருகேசனைக் கூப்பிட்டு, லேப்டாப்பை யாருக்கெல்லாம் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"யாருக்குக் குடுத்தன்னு கேக்கறியா? யாருக்குக் குடுக்கலன்னு கேளுக்கா, அதச் சொல்றது சுளுவு."

அது பீரோவின் மேல் துண்டு போர்த்தி இருக்குமாம். தெருவில் யாருக்கு என்ன விண்ணப்பம் போட வேண்டுமென்றாலும் எடுத்துப் போவார்கள், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார்கள். பட்டா மாற்றம், கல்லூரிச் சேர்க்கை, கல்யாணப் பத்திரிகை டிசைன். ஒரு வீட்டில் ஒரு நல்ல பொருள் வந்தால் அது தெருவுக்குத்தான். இல்லை என்று சொல்லி எங்கள் வீட்டில் யாரும் பழகவில்லை. பாஸ்வேர்டு வைக்கவில்லையா என்று இனியா பதறினாள். முருகேசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வைக்காமல் என்ன, காலண்டருக்குப் பக்கத்தில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறானாம். இனியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னான். இரண்டு வீடு தள்ளி இருக்கும் மஞ்சுளாவும் போன வருடம் இதே பரீட்சையை இதே லேப்டாப்பில்தான் எழுதினாள். பாவம், பெயிலாகிவிட்டது. இப்போது ஓசூர் கம்பெனிக்குப் போகிறாள்.

மஞ்சுளாவும் நர்ஸிங் படித்தவள், பவித்ராவுக்கு ஒரு வருடம் மூத்தவள். அவர்கள் வீட்டில் கன்னடம், எங்கள் வீட்டில் தமிழ்; இரண்டு பெண்களும் ஜெர்மன் வார்த்தைகளைத் தெருவில் நின்று மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரிப்பார்களாம். தேர்வில் தோற்ற பிறகு மஞ்சுளா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தான் மட்டும் தொடர்ந்து படிப்பது மஞ்சுளாவுக்குப் பிடிக்கவில்லை போல என்று பவித்ரா நினைத்து, அவளும் ஒதுங்கிக்கொண்டாள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு மஞ்சுளா நிற்கும் நேரம் பார்த்து இவள் வேறு பக்கமாகப் போவாளாம்.

அன்று சாயங்காலம் பவித்ரா அந்த வீட்டுக்குப் போனாள். மஞ்சுளாவின் அம்மா "ஏனாய்த்து?" என்று கேட்டார், என்ன ஆச்சு என்கிறார். லேப்டாப் இப்படிச் சொல்கிறது என்று பவித்ரா வாசலில் நின்று சொன்னாள். உள்ளேயிருந்து மஞ்சுளா வெளியே வந்து ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"என் பேரச் சொல்லுச்சா?"

6

அடுத்த ஞாயிறு எல்லோரும் வீடியோவில் உட்கார்ந்தோம். அங்கே முருகேசன் வீட்டுக் கூடத்தில் மஞ்சுளா, பவித்ரா, என் தம்பி. இங்கே நானும் இனியாவும். நடுவில் பீரோ மேலிருந்து இறக்கி வைத்த அந்த லேப்டாப், ஒன்றும் தெரியாததுபோல.

மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். தேர்வுக்கு நாள் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, படிப்புக்கு நல்ல நாள் என்று விஜயதசமியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். காலையில் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினாள், உள்ளே விட்டது. பாதித் தேர்வில் திரை நின்றது. பிறகு ஒரு மெயில். கேமராவை வேண்டுமென்றே மறைத்ததால் தேர்வு ரத்து, முறைகேடு. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தாளாம். தான் எதையும் மறைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஜெர்மனியிலிருந்து ஒரு கம்பெனி சொல்கிறதே, நம் கையோ தலையோ ஏதாவது பட்டிருக்குமோ என்று தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறாள்.

"காப்பி அடிச்சாளாம்னு ஊருல பேசறதுக்கு பெயிலாயிட்டன்னு சொல்லிக்கலாம்னு இருந்துட்டன் ஆன்ட்டி. பெயிலானவங்கள யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க."

பவித்ரா அவள் கையைப் பிடித்தாள். மஞ்சுளா உருவிக்கொள்ளவில்லை.

எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். விஜயதசமி என்றால் முந்தின நாள் ஆயுத பூஜை. லேப்டாப்புக்குப் பூஜை போட்டாயா என்று முருகேசனைக் கேட்டேன். போடாமலா? டிராக்டர், மருந்தடிக்கும் மெஷின், தையல் மெஷின், லேப்டாப், எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தான். லேப்டாப்பைத் திறந்து, பொட்டை எங்கே வைத்தாய் என்றேன். இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தான்.

"நடு நெத்தியிலதான்க்கா."

திரைக்கு மேலே, நடுவில். நாலு கால் உள்ளதோ நாலு சக்கரம் உள்ளதோ, எதற்குப் பொட்டு வைத்தாலும் நம் கை தேடிப் போவது அந்த இடத்தைத்தான். லேப்டாப்புக்கு அங்கேதான் கண் இருக்கிறது.

மஞ்சுளா பொட்டைப் பார்த்திருக்கிறாள். அது கேமராவுக்கு ஒரு நூல் மேலே இருந்தது, முகம் தெரிந்தது. பூஜைப் பொட்டை மறுநாளே துடைப்பார்களா என்று விட்டுவிட்டாள். பாதித் தேர்வில் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று திரையின் மேல் விளிம்பைப் பிடித்துச் சற்றுச் சாய்த்தாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்து கீழே சரிந்திருக்க வேண்டும். தேர்வுத் திரையில் தன் முகம் தெரியாது என்பதால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. லேப்டாப்பை மூடியபோது மிச்சமும் உதிர்ந்துபோயிருக்கும். பவித்ரா பஞ்சுக் குச்சி எடுத்து வந்து கேமரா விளிம்பின் இடுக்கில் லேசாகச் சுழற்றினாள். வெளியே எடுத்தபோது நுனி சிவந்திருந்தது.

முருகேசன் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். கல்லுக்கும் இரும்புக்கும் கும்பிடு போடும் அவன் கை, போகும்போது வேட்டியில் தன்னைத் துடைத்துக்கொண்டே போயிற்று.

7

தேன்குரல் பெண்மணிக்கு இதை ஜெர்மனில் விளக்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு வேர்க்கிறது. மெஷின்களைக் கும்பிடுவோம் என்றேன். சரி என்றார். அதன் முகத்தில் சிவப்புப் பொடி போடுவோம் என்றேன். எப்படிப்பட்ட பொடி என்று மெல்லக் கேட்டார். இனியா போனை என் கையிலிருந்து பிடுங்கி, நிதானமாக, தெளிவாக எடுத்துச் சொன்னாள். பஞ்சுக் குச்சியின் படம், மஞ்சுளாவின் சம்மதம், போன ஆயுத பூஜையன்று பவித்ரா எடுத்த பொட்டு வைத்த லேப்டாப்பின் படம், எல்லாம் போயிற்று. இனியா எழுதிய கடிதத்தின் மேலே அந்த லேப்டாப்பின் நீளமான எண். சம்மதம் வாங்கும் முன் இனியா மஞ்சுளாவிடம் மறுபடி மறுபடி கேட்டாள்: உன் பதிவை நாங்களும் பார்ப்போம், பரவாயில்லையா, வேண்டாமென்றால் சொல்லிவிடு. நாங்கள் யாருமே அப்படி அவளைக் கேட்டிருக்க மாட்டோம். என் மகளை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, கருவியின் மீதான தடை நீக்கப்படுகிறது, பவித்ரா தேர்வு எழுதலாம். எழுதினாள், மாதம் முடிவதற்குள். தேறிவிட்டாள். விசா வேலை நடக்கிறது. முருகேசன் தெரு முழுக்க லட்டு கொடுத்தானாம்.

அதே பதிலில் இன்னொரு வரி இருந்தது. தேர்வர் மஞ்சுளாவின் மீதான முடிவுக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் முறையிட்டிருக்க வேண்டும். காலம் கடந்துவிட்டதால் அவர் மீதான தடை தொடரும்.

அதை மஞ்சுளாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னேன். ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு இருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"நான் பண்ணலன்னு அவங்களுக்கு இப்பத் தெரியும் இல்லீங்களா, ஆன்ட்டி?"

தெரியும் என்றேன்.

"மெஷினை மன்னிச்சி உட்டுட்டாங்க. தெரிஞ்சும் என் பேரு அப்புடியேதான் இருக்குது."

ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்று, பவித்ராவுக்காவது வழி பிறந்ததே என்று ஆரம்பித்தேன். அவள் குறுக்கே பேசினாள். கோபமில்லை, ஆனால் குரல் நிமிர்ந்திருந்தது.

"அது போதும்னு சொல்லணும்னுதாங்க இருக்குது. வாயில வரல."

தப்பே செய்யாமல் ஒரு வருடம் தலையைக் குனிந்து நடந்த பெண், தனக்கு நியாயம் இன்னும் வரவில்லை என்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள். அவள் வயதில் எனக்கு அது வந்திருக்காது, இப்போதும் வருமா தெரியவில்லை. இனியா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அவளுடைய மரியாதையில்லாத தமிழில் சொன்னாள்.

"சொல்லாத அக்கா. அது போதாது."

மஞ்சுளா போனை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தாள்.

"அப்ப இன்னொன்னு எழுது இனியா. போன தடவ லேப்டாப்பு நம்பரப் போட்டு எழுதுன. இந்தத் தடவ என் பேரப் போடு. எங்கப்பா பேரு, எங்க ஊரு, எல்லாத்தையும் போட்டே எழுது. நான் எதுக்கு மறையணும்?"

தன் போட்டோவைக்கூட யாருக்கும் கொடுக்காத என் மகள், கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முழுப் பெயரைக் கேட்டாள். மஞ்சுளா அவசரப்படாமல் சொன்னாள்.